ஸ்கைவிங் சரியா வரலையா? பிளேடை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம் பண்ற யூனிட்ல இருந்து போன் வந்தா முக்கால்வாசி நேரம் ஒரே பேச்சுதான். "பிளேடு போச்சுண்ணே, வரும்போது புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க". போய் கவரைத் திறந்து பாத்தா பிளேடுல இன்னும் மாசக்கணக்கா ஓடுற அளவுக்கு இரும்பு இருக்கும், ஆனா சாணைக்கல்லுல தோல் தூளும் எண்ணெயும் சேர்ந்து அப்பி கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருக்கும். அந்தக் கல்லை வச்சு எவ்வளவு நேரம் தேச்சாலும் பிளேடு சூடாகுமே தவிர கூர் ஏறாது. "பாய், பிளேடு நல்லாத்தான் இருக்கு, கல்லைத்தான் கவனிக்கல"ன்னு சொன்னா ஓனர் முதல்ல நம்ப மாட்டார்.

புதுசா இந்த லைனுக்கு வர்றவங்களுக்கு ரெண்டு வரி. மடிச்சு தைக்கிற ஓரம், ஒண்ணு மேல ஒண்ணு வர்ற ஓரம், இதெல்லாம் முழு கனத்தோட இருந்தா தையல் மேடு தட்டும், கால்ல உறுத்தும், பார்க்கவும் அசிங்கமா இருக்கும். அதனால சதைப்பக்கத்துல, அதாவது தோலோட உள்பக்கத்துல, ஓரத்தை மட்டும் சீவி மெலிசு பண்றோம், இதுதான் ஸ்கைவிங். அதைப் பண்றது மணி மாதிரி உள்ள பொள்ளலா இருக்கிற ஒரு வட்ட கத்தி, அதான் பெல் நைஃப். தோலோட மேல் பக்கம் ஃபுட்டை, அதாவது தோலை மேல இருந்து அமுக்குற காலைப் பாத்து இருக்கும், சதைப்பக்கம் கீழ தோலை உள்ள இழுக்கிற ஃபீட் ரோலர் மேல உட்காரும், நடுவுல கத்தியோட விளிம்பு பூந்து சீவும், சீவின கழிவு பெல்லுக்கு உள்ள விழும். ஜெர்மன் ஃபார்ச்சூனா மெஷின்ல இருந்து இப்போ ஊரெல்லாம் ஓடுற சைனா 801 மாடல் வரைக்கும் அடிப்படை இதேதான். ஒண்ணுல செட்டிங் கத்துக்கிட்டா இன்னொண்ணுல செட்டிங் திருகுற நாப் எங்க இருக்குன்னு தேடுறதுதான் வேலை.

இப்போ சாணை. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல் வேலை பிளேடுல கையே வைக்கக்கூடாது, கல்லை டிரெஸ் பண்ணணும். மெஷினை ஓட விட்டு, கல்லு பிளேடைத் தொடாம விலகி சுத்தும்போது டிரெஸ்ஸரை, அதாவது கல்லைச் சுரண்டுற கருவியை, மெதுவா கல்லு முகத்துல காட்டினா அந்த வழவழப்பு உரிஞ்சு உள்ள இருக்கிற புது மணல் வெளிய வரும், கல்லோட நிறமே மாறுறது கண்ணுக்குத் தெரியும். அதுக்கப்புறம் கல் நாப்பை கொஞ்சம் கொஞ்சமா திருகி பிளேடோட உள் பக்கத்துல தொட்டும் தொடாம கொண்டு வரணும். சரியா தொட்டா மெலிசா ஆரஞ்சு பொறி ஒரே சீரா வரும், சத்தமும் விட்டு விட்டு வராம ஒரே மாதிரி 'ஸ்ஸ்'ன்னு இருக்கும். பொறி விட்டு விட்டு வந்தா பிளேடு வட்டம் சரியில்ல, இல்ல புது பிளேடு மாட்டும்போது உட்காருற இடத்துல தூள் சிக்கியிருக்குன்னு அர்த்தம். சில செகண்ட் தொடவிட்டு பின்னால எடுத்துடணும், தேவைன்னா மறுபடி தொடலாம். பொறி கொத்தா பறக்கிற அளவுக்கு அழுத்தி வச்சா விளிம்பு நீலமாகும், நீலம் ஆச்சுன்னா அந்த இடத்துல டெம்பர், அதாவது இரும்போட பதம் போச்சு, எவ்வளவு கூர் ஏத்தினாலும் அரை நாள் நிக்காது, நீலம் போற வரைக்கும் தேச்சு எடுக்கிறதுதான் வழி.

சில யூனிட்ல கல்லை நாள் முழுக்க பிளேடுல ஒட்ட விட்டே ஓட்டுறாங்க, "எப்பவும் கூரா இருக்கும்ல"ன்னு. இருக்கும், பிளேடும் சீக்கிரமே தீர்ந்து போகும், கழிவுல இரும்புத்தூள் கலக்கும், தீப்பொறியால ஆபத்தும் வரும், அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

அடுத்தது பிசிர். உள்ள இருந்து தேய்க்கும்போது விளிம்புல மெலிசான இரும்புப் பிசிர் வெளிப்பக்கமா மடங்கி நிக்கும். இதை எடுக்காம தோல் ஓட்டினா சீவின இடம் கீறல் கீறலா வரும், மெல்லிசு தோலா இருந்தா இழுத்துக் கிழிக்கும், அப்போதான் "இப்பதானே சாணை பிடிச்சோம், அதுக்குள்ள மொக்கை ஆயிடுச்சா"ன்னு கேப்பாங்க. பொடி மணல் கல்லு ஒண்ணு எடுத்து பிளேடோட வெளிப்பக்கத்துல படுக்க வச்சு லேசா காட்டணும், படுக்க வச்சுதான், சாய்ச்சுப் பிடிச்சா வெளிப்பக்கத்துல இன்னொரு சரிவு விழுந்துடும், அப்புறம் அந்த பிளேடு தோலுக்குள்ள பூராம மேல வழுக்கும். வெளிய தட்டின பிசிர் உள்பக்கமா திரும்பும், அதனால சாணைக்கல்லை இன்னொரு தடவை தூசு அளவு தொட்டு எடுத்தா முடிஞ்சது.

இந்தப் பிசிர் எடுக்கிற வேலையிலதான் விரல் போறது. மெஷின் ஓடும்போது பண்ற வேலை இது, வேற வழியில்ல, ஆனா கல்லு நீளமா இருக்கணும், தேஞ்சு போன குட்டிக் கல்லை நுனி விரல்ல பிடிச்சுக்கிட்டுப் பண்ணாதீங்க. துணி கிளவுஸ் போட்டா பாதுகாப்புன்னு நினைக்கிறாங்க, சுத்துற மெஷின்ல அது நேர் எதிர், நூலு மாட்டினா கையோட இழுத்துக்கும். கண்ணாடி கட்டாயம் போடணும். சுவிட்ச் ஆஃப் பண்ணதும் பிளேடு நிக்காது, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம சுத்திக்கிட்டு இருக்கும், அந்த நேரத்துல உள்ள சிக்கின கழிவை விரல்ல நோண்டுறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். பிரஷ் வச்சு எடுங்க, பிளேடு நின்னதைக் கண்ணால பாத்துட்டு எடுங்க. நம்ம பக்கம் இந்த மெஷின்ல உட்காருறது பெரும்பாலும் அக்காமாருங்கதான், முந்தானையும் துப்பட்டாவும் மேல ஓவர்கோட்டுக்குள்ள போகணும், பெல்ட் பக்கம் கார்டு இல்லாத மெஷின்ல யாரையும் உட்கார வைக்காதீங்க. இதை ஓனருங்களுக்குத்தான் சொல்றேன்.

தீ விஷயம். கழிவை உறிஞ்ச சக்‌ஷன் வச்சிருக்கிற மெஷின்ல சாணை பிடிக்கும்போது சக்‌ஷனை நிறுத்திடுங்க. ஓட விட்டா பொறி நேரா பைப் வழியா போய் தோல் தூள் ரொம்பிய பைக்குள்ள உட்காரும், உடனே எரியாது, உள்ளயே கனிஞ்சுக்கிட்டு இருந்து லஞ்ச் டைம்லயோ ராத்திரி பூட்டிட்டுப் போனதுக்கு அப்புறமோ புகை கிளம்பும். சாணைக்கு முன்னாடி பெல்லுக்குள்ள இருக்கிற கழிவையும் கீழ விழுந்த தூளையும் கூட்டி எடுத்துடணும், பசை டப்பா, தின்னர் டப்பா ரெண்டும் அந்த டேபிள் பக்கமே இருக்கக்கூடாது. பல இடத்துல ஸ்கைவிங் மெஷினுக்கும் பசை தடவுற டேபிளுக்கும் நடுவுல ஒரு கை தூரம் கூட இல்ல.

கூர் ஏத்தியாச்சு, இனி இடைவெளி. சாணை பிடிக்கப் பிடிக்க பிளேடு நீளம் குறையும், அதனால ஃபுட்டை விட்டு விலகிப் போகும், பிளேடு நாப்பைத் திருகி பிளேடை முன்னால கொண்டு வரணும். இதை மறந்துட்டு "சாணை பிடிச்சும் சீவலையே"ன்னு நிக்கிறவங்க ஏராளம். நான் வைக்கிறது ஃபுட்டுக்கும் விளிம்புக்கும் நடுவுல அரை மில்லிக்கு உள்ளதான், ஆனா எந்த இடத்துலயும் தொடக்கூடாது. மெஷினை ஆஃப் பண்ணி, பெல்ட்டைப் பிடிச்சு கையால ஒரு முழு சுத்து சுத்திப் பாருங்க, ஒரு இடத்துல மட்டும் உரசினா பேரிங் லூஸு. இடது பக்கமும் வலது பக்கமும் இடைவெளி ஒண்ணா இருக்கான்னும் பாருங்க. ஃபீட் ரோலரும் பிளேடுக்கு கிட்ட இருக்கணும், உரசக்கூடாது, கல் ரோலர் உரசினா நீங்க ஏத்தின கூர் நிமிஷத்துல போயிடும்.

தோல் பாதியில நின்னு போறது, ஒரு பக்கமா இழுக்கிறது, இதெல்லாம் பிளேடு பிரச்சினையே இல்ல, ரோலர் அடைச்சிருக்கு. மெழுகு ஏத்தின தோல், எண்ணெய்ப்பசை உள்ள தோல் ஓட்டினா கல் ரோலர் சீக்கிரம் அடைக்கும், அதையும் டிரெஸ் பண்ணணும். கெட்டித் தோலுக்கு இரும்பு ரோலர், சாஃப்ட் தோலுக்கு கல் ரோலர், ஒண்ணையே எல்லாத்துக்கும் ஓட்டாதீங்க.

கடைசியா துண்டுத் தோல்ல பாக்கணும், அதே லாட் தோலா இருக்கணும், வேற தோல்ல செட் பண்ணி ஓடுற லாட்டைக் கெடுக்காதீங்க. 1.2ல இருந்து 1.4 மில்லி அப்பர் தோல்ல மடிப்பு ஓரம்னா நுனியில 0.5, 0.6 கிட்ட வரும்படி வைப்பேன், 5 மில்லி மடிக்கணும்னா 10 மில்லி அகலம் சீவினாத்தான் மடிப்பு படிஞ்சு உட்காரும். கண்ணால பாத்து சொல்லாதீங்க, திக்னெஸ் கேஜ் வாங்கிக்கோங்க. நுனி ஓட்டையாச்சுன்னா ஃபுட் ரொம்ப இறங்கியிருக்கு, நுனி சரியா இருந்து உள்பக்கம் படி மாதிரி வெட்டு விழுந்தா ஃபுட்டோட சாய்வை மாத்தணும், ஒரே இடத்துல கோடு வந்துக்கிட்டே இருந்தா பிளேடு விளிம்பு சின்னதா உடைஞ்சு பல் விழுந்திருக்கு, அது மறையுற வரை மறுபடி சாணை.

பிளேடு நாப்பை முழுக்க திருகியும் பிளேடு ஃபுட்டுக்கிட்ட எட்டலைன்னா அப்போதான் நிஜமாவே பிளேடு போச்சு, மாத்திடுங்க. புது பிளேடை மாட்டினதும் அப்படியே ஓட்டக்கூடாது, அந்த மெஷின்லயே ஒரு தடவை சாணை பிடிச்சு வட்டத்தை சரி பண்ணணும். கழட்டின பழைய பிளேடை அப்படியே காயலான் கடை மூட்டையில போட்டுடாதீங்க, மூட்டைக்குள்ள கைய விடுறவருக்கு அது தெரியாது. பெஞ்ச் கிரைண்டர்ல விளிம்பை மொட்டையாக்கி, கெட்டி அட்டை சுத்தி டேப் போட்டு தனியா குடுங்க.