நாய் கடித்தால் ஆய்வகத்துக்கு வராதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். மகனை நாய் கடித்து நான்கு நாளாகியிருந்தது. "ரத்தத்தில் ரேபிஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர், இருந்தால் ஊசி போட்டுக்கொள்கிறோம்" என்றார். நுண்ணுயிரியல் மருத்துவராக இதை எத்தனை முறை கேட்டிருப்பேனோ, இன்னமும் அடிவயிறு கலங்குகிறது.

அப்படி ஒரு பரிசோதனையே கிடையாது. ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் சுற்றுவதில்லை. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. அதுவரை உடலின் பாதுகாப்புப் படைக்கு அது வந்ததே தெரியாது. கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடலாமே என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே தென்படும். சிலருக்கு இறக்கும் வரை தென்படுவதில்லை. அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆகவே 'எதிர்ப்பொருள் இல்லை' என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். நாங்கள் ரேபிஸ் எதிர்ப்பொருளை அளப்பது பெரும்பாலும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளும் கால்நடை மருத்துவர் போன்றோருக்குத்தான். தடுப்பூசி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க. மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு இருந்தால் போதும் என்பது கணக்கு.

இன்னொரு சமாதானம்: "டிடி போட்டாயிற்றே!" டிடி ஊசி டெட்டனஸுக்கு. அதனால் உருவாகும் எதிர்ப்பொருள் டெட்டனஸ் நஞ்சை மட்டுமே பிடிக்கும். ரேபிஸ் வைரஸை ஏறெடுத்தும் பார்க்காது. இரண்டும் வேண்டியிருக்கலாம், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கடித்தவுடன் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலம் மலையேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது தோள்பட்டையில்தான் போடுகிறார்கள். தடுப்பூசியால் எதிர்ப்பொருள் உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ரத்தம் வந்த காயமென்றால் அந்த இடைவெளியைத் தாங்க, தயார் எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளேயே செலுத்துவார்கள். குழந்தை அழுகிறதே என்று தயவுசெய்து அதைத் தடுக்காதீர்கள். தடுப்பூசித் தவணைகளை முடிக்காமல் மூன்று ஊசியோடு நிறுத்திவிடவும் செய்யாதீர்கள்.

அந்தத் தந்தையிடம் ரத்தம் எடுக்க மறுத்து, மகனை உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். நான்கு நாள் கழிந்தது தவறுதான். ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை. உங்கள் வீட்டில் யாரையாவது நாய் கடித்து ஒரு மாதம் ஆகியிருந்தாலும்கூட, ஊசி போடவில்லை என்றால் இன்றே அழைத்துப் போங்கள்.