படமும் குரலும் சேர்ந்து தெருவை அளக்கும் விதம்

ஒரு நடைபாதையின் அகலத்தை அளக்க அளவு நாடா போதும். போதிய அகலத்துடன் இருக்கும் அந்த நடைபாதையில் எழுபது வயதுப் பெண் ஒருவர் ஏன் கால் வைப்பதே இல்லை என்பதை அளக்க எதை எடுத்துச் செல்வது?

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்ட முடியாதவருக்கு நடைதான் வழி. ஆனால் பெயர்ந்த கல்லும், விளக்கில்லாத திருப்பமும், விரைந்து வரும் வண்டியும் மருத்துவர் சொல்லியனுப்பிய அறிவுரையை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. இந்தத் தடைகளைக் கண்டறிய வல்லுநர்கள் படிவத்துடன் தெருத்தெருவாகப் போவார்கள். அல்லது குடியிருப்பவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். வல்லுநருக்குக் கல் தெரியும், பயம் தெரியாது. வீட்டுக்குள் உட்கார்ந்து பதில் சொல்பவருக்குப் பயம் நினைவிருக்கும், எந்த இடத்தில் என்பது மங்கிப்போயிருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பப் பிறந்ததுதான் ‘டிஸ்கவரி டூல்’ என்ற செயலி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆபி கிங் குழுவினர் உருவாக்கியது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2013இல் வெளிவந்தது. தொடக்க கால ஆய்வுகள் நடந்த இடம் கலிஃபோர்னியாவின் ஈஸ்ட் பாலோ ஆல்டோ. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே, பெரும்பகுதி 101ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மறுபுறம் இருக்கும் சிறு நகரம் அது. லத்தீன் அமெரிக்க, கறுப்பின, பசிபிக் தீவு வழிவந்த குடும்பங்கள் கலந்து வாழும் ஊர். அங்கே வருமானம் குறைந்த முதியவர்கள் கையில் கருவியைப் பிடித்துக்கொண்டு தங்கள் தெருவில் நடந்தார்கள்.

அவர்கள் செய்ய வேண்டியது மிக எளிது. வழக்கமாகப் போகும் வழியில் நடக்க வேண்டும். ஆரோக்கியமான வாழ்வுக்கு உதவுவதையோ தடுப்பதையோ கண்டால் படம் எடுக்க வேண்டும். ஏன் எடுத்தேன் என்பதைத் தன் மொழியில், ஓரிரு வாக்கியங்களில் பேசிப் பதிய வேண்டும். சிரிக்கும் முகம், சுளித்த முகம் என்ற இரண்டு குறிகளில் பொருத்தமானதைத் தொட வேண்டும். எழுதப் படிக்கத் தடுமாறுபவரும் இதைச் செய்துவிடலாம்.

நடந்த தடத்தையும் படம் எடுத்த புள்ளியையும் குறித்துவைப்பது ஜிபிஎஸ். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், தாங்கள் இருக்கும் இடத்தையும் அந்தக் கணத்து நேரத்தையும் ரேடியோ அலையில் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. உச்சிக்கு நேராக இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து அலை வந்துசேர 0.07 விநாடி ஆகும். அந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் செயற்கைக்கோளில் இருப்பதைப் போன்ற மிகத் துல்லியமான அணுக் கடிகாரம் கைப்பேசிக்குள் இல்லை. அதன் கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி தவறினால் கணக்கில் 300 மீட்டர் தவறும். அந்தப் பிழையைக் கண்டுபிடித்துக் கழிக்கத்தான் நான்காவது கோள் தேவைப்படுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் சில மீட்டர் பிசகு மிஞ்சும். உயர்ந்த கட்டடங்களின் சுவரில் பட்டுத் திரும்பிய அலை கிடைத்தால், வரைபடத்தில் புள்ளி எதிர்ப்பக்க நடைபாதையில் போய் விழுந்துவிடக்கூடும். எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுப்பது படம்தான்.

படம் மட்டும் போதுமா என்றால், போதாது. ஒரு பெஞ்சை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அதைப் படம் எடுத்து, “இங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டால்தான் கடை வரை போக முடிகிறது” என்று பதிகிறார், சிரித்த முகம். இன்னொருவர் அதே பெஞ்சைப் படம் எடுத்து, “மாலையில் இங்கே குடிப்பவர்கள் கூடுகிறார்கள், நான் சுற்றிப் போகிறேன்” என்கிறார், சுளித்த முகம். பெஞ்ச் ஒன்றுதான், படமும் ஒன்றுதான். குரல் இல்லாவிட்டால் இந்த இரண்டு தகவலும் தொலைந்துபோயிருக்கும். செயற்கைக்கோள்களைவிட அந்த ஓரிரு வாக்கியங்களையே இந்தக் கருவியின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

தனித்தனி நடைகளின் பதிவுகளை ஒரே வரைபடத்தில் அடுக்கும்போது, ஒரு முனையில் சுளித்த முகங்கள் திரள்வதும் ஒரு மரநிழலில் சிரித்த முகங்கள் சேர்வதும் கண்ணுக்குத் தெரியவரும். அந்தத் திரளுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்வதும் குடியிருப்பவர்களே. மேசையில் படங்களைப் பரப்பி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, எதை முதலில் கேட்பது, எதை நாமே செய்துகொள்ளலாம் என்று பேசுகிறார்கள். ஈஸ்ட் பாலோ ஆல்டோவில் நடைபாதைகளின் மோசமான நிலை இப்படித்தான் முன்னுக்கு வந்தது. பிறகு அதே படங்களுடன் அதிகாரிகளைச் சந்திக்கிறார்கள். “எங்கள் தெரு சரியில்லை” என்ற பொது முறையீட்டைத் தள்ளிவைப்பது எளிது. தேதியும் இடமும் குரலும் ஒட்டிய முப்பது படங்களைத் தள்ளிவைப்பது அவ்வளவு எளிதல்ல.

மெக்சிகோ, கொலம்பியா, இஸ்ரேல், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலும் இந்த முறை கையாளப்பட்டிருக்கிறது. எங்கே ஆனாலும் மனித முகங்களைப் படம் எடுக்கக் கூடாது என்று நடப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுகிறார்கள். தெருவைப் பதியப் போய் அயலாரை வேவு பார்த்ததாக ஆகிவிடக் கூடாது அல்லவா?

ஒரு குறை என்னை உறுத்துகிறது. வரைபடத்தில் புள்ளி வைப்பவர் நடந்து வந்தவர். அந்தப் பெயர்ந்த கல்லுக்கு அஞ்சி வெளியே வருவதையே விட்டுவிட்டவரின் புள்ளி எங்கும் விழாது. மிக மோசமான தெரு, யாரும் நடக்காததாலேயே வரைபடத்தில் வெறுமையாகக் கிடந்து, குறையற்ற தெருவைப் போலத் தோற்றம் தரலாம். ஆகவே முகம் சுளித்த குறிகளை எண்ணுவதற்கு முன், யாருடைய தடமும் பதியாத தெருக்களைத் தேட வேண்டும். அங்கே கதவைத் தட்டி, முடிந்தால் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்று, முடியாவிட்டால் வாசற்படியில் அமர்ந்தபடியே அவர் பார்க்கும் தெருவைப் படம் எடுத்து, அவர் குரலையும் அதில் சேர்க்க வேண்டும்.