கிட்டாருக்கு வில்லங்கச் சான்றிதழ் கிடையாது

போன சனிக்கிழமை பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். கையில் பழைய நேஷனல் ட்ரைகோன் கிட்டார்: உலோக உடம்பு, உள்ளே மூன்று அலுமினியக் கூம்பு, மடியில் கிடத்தி வாசிக்கச் சதுரக் கழுத்து, 1920களின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் செய்தது. மேஜையில் வைத்ததும் என் முகம் அதில் தெரிந்தது, அப்படி ஒரு பளபளப்பு. எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது.

"அண்ணா, தலையில சீரியல் நம்பர் இருக்கு பாருங்க. இதை வெச்சு முன்னாடி யார் யார்கிட்ட இருந்துதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

கிட்டார் பெட்டி எங்கே என்று கேட்டேன். பூஞ்சை நாற்றம் தாங்கவில்லையாம், குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிட்டாராம். உள்ளே ஏதாவது இருந்ததா? "ஏதோ பழைய தாள்ணா, கோடு போட்டு நம்பர் நம்பரா இருந்துச்சு." கழுத்தின் பின்பக்கம் ஏன் ஒரு இடம் மட்டும் மங்கலாக இருக்கிறது? "அங்க யாரோ கிறுக்கி வெச்சிருந்தாங்க, கார் பாலிஷ் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டேன்."

மேஜை விளக்கைச் சாய்த்து, லென்ஸை வைத்துப் பார்த்தேன். நிக்கல் முலாம் தேய்ந்து அடி உலோகம் மஞ்சளாக எட்டிப் பார்க்கும் இடத்தில் ஆங்கில 'N' எழுத்து ஒன்றும் அதன் பிறகு ஒரு 4-உம் மிச்சம். மற்றதெல்லாம் போய்விட்டது. இந்த வருஷத்தில் இது நான்காவது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த சீரியல் நம்பர் விஷயம். வாரத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்லிவிடுகிறேன். ஊரில் நிலம் வாங்கினால் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறோம், யார் யாருக்கு விற்றார்கள் என்று வரிசையாக வந்துவிடுகிறது. வண்டி என்றால் ஆர்.சி.யில் பெயர் மாற்ற வேண்டும். கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு அரசு அலுவலகம் எழுதி வைப்பதால்தான் அங்கே நம்பரை வைத்துப் பெயரைப் பிடிக்க முடிகிறது. கிட்டார் கைமாறுவதை யார் எழுதி வைத்தார்கள்? ஒருவரும் இல்லை. தொழிற்சாலை மொத்த வியாபாரிக்கும் கடைக்கும் அனுப்பியது, கடைக்காரர் யாரோ ஒருவருக்குத் தவணையில் விற்றார், அவர் மச்சானுக்குக் கொடுத்தார், மச்சான் அடகு வைத்தார். இதில் பெரும்பாலும் அந்த நம்பரை யாரும் குறித்து வைக்கவில்லை. கிப்சன் என்ற அமெரிக்கக் கிட்டார் நிறுவனத்தின் பழைய அனுப்புகைப் பேரேடுகளில் சில இன்றும் இருக்கின்றன, அவற்றிலும் கிடைப்பது தேதியும் கடைப் பெயரும்தான். மார்ட்டின் நிறுவனத்தின் எண் வரிசை அருமையானது, எந்த வருஷம் எந்த எண்ணில் முடிந்தது என்று தெளிவாகச் சொல்லிவிடும், ஆனால் அது சொல்வது பிறந்த வருஷத்தை மட்டுமே. வேறெங்காவது யாராவது அந்த நம்பரைத் தங்கள் பெயரோடு எழுதி வைத்திருந்தால்தான் நம்பர் பேசும். காப்பீட்டுத் தாள், கடை ரசீது, போலீஸில் கொடுத்த திருட்டுப் புகார் ஆகிய மூன்றில் ஒன்று கிடைத்தால் அது தங்கம். இல்லையென்றால் அது தயாரித்த காலத்தைக் காட்டும் ஒரு எண், அவ்வளவுதான்.

ஹெர்மன் வைசன்போர்ன் ஹவாயின் கோவா (koa) மரத்தில் செய்த கிட்டார்களில் பெரும்பாலும் அந்த நம்பர்கூட இருக்காது. ஆனால் அவற்றில் வேறொரு வசதி உண்டு. மர ரேகை மனிதக் கைரேகை மாதிரி, இரண்டு கிட்டாருக்கு ஒன்றாக இருக்காது. பழைய புகைப்படம் ஒன்று தெளிவாகக் கிடைத்துவிட்டால் பக்கத்தில் வைத்து ரேகையை ஒப்பிட்டே இதுதான் அது என்று சொல்லிவிடலாம். உலோக உடம்பில் ரேகை இல்லை, அங்கே நசுங்கலும் கீறலும்தான் அடையாளம். அதைத்தான் எல்லோரும் தட்டி நிமிர்த்திவிட்டு வருகிறார்கள்.

அந்தக் 'கிறுக்கல்' என்ன தெரியுமா? 1963-இல் கலிஃபோர்னியாவின் மான்டரே பார்க் ஊரில் போலீஸ் ஒரு திட்டம் தொடங்கியது. வீட்டில் இருக்கும் விலைமதிப்புள்ள பொருள்களில் எலக்ட்ரிக் பேனாவால் உங்கள் அடையாள எண்ணைச் செதுக்கி வையுங்கள், திருடு போனால் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. டி.வி.யில், சைக்கிளில், கேமராவில், கிட்டாரில் எல்லாம் மக்கள் டிரைவிங் லைசென்ஸ் எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ (அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் அடையாள எண்) செதுக்கினார்கள். கோணல்மாணலாக, குழந்தை எழுதியது போலத்தான் இருக்கும், ஏனென்றால் அந்தப் பேனா கையில் நடுங்கும். லைசென்ஸ் எண் என்றால் எந்த மாநிலம் என்று பிடிக்கலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் என்றால் 2011 வரை முதல் மூன்று இலக்கமே எந்தப் பகுதியில் வாங்கியது என்று சொல்லிவிடும். ஒரு குடும்பத்தைக் கண்டுபிடித்த பிறகு, "இது உங்கள் அப்பா எண்தானா?" என்று கேட்டு உறுதிசெய்ய இதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஒரு வேண்டுகோள்: அதைப் படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

அப்புறம் அந்தத் தாள்கள். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. 1915 சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஹவாய் இசைப் பைத்தியம் பிடித்தது. கிட்டாரை மடியில் கிடத்தி, நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்துவது போல எஃகுத் துண்டைக் கம்பி மேல் இழுத்து வாசிப்பதைக் கற்றுக்கொடுக்க ஊருக்கு ஊர் வகுப்புகள் முளைத்தன. (ஸ்டீல் கிட்டார் என்ற பெயர் அந்த எஃகுத் துண்டால் வந்தது, உடம்பு எஃகாக இருப்பதால் அல்ல. இதையும் ஒருமுறை சொல்லிவைக்கிறேன்.) கிளீவ்லாந்தில் இருந்த ஓவாஹு நிறுவனம் பாடத்தாள்களை அச்சடித்து அனுப்பியது, கிட்டாரும் விற்றது. தம்பி பார்த்த 'கோடும் நம்பரும்' அந்த மாதிரி பாடத்தாள்தான். அதன் மூலையில் பெரும்பாலும் பென்சிலில் மாணவர் பெயர் இருக்கும், ஆசிரியரின் முத்திரை இருக்கும், சில சமயம் பாடம் நடந்த தேதிகூட இருக்கும். ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு தேதி. எனக்கு வேறென்ன வேண்டும்?

பெயரும் ஊரும் கிடைத்தால் வேலை ஒன்றும் மந்திரம் இல்லை. அந்த ஊர்ப் பொது நூலகத்தில் பழைய நகர டைரக்டரிகள் இருக்கும், வருஷா வருஷம் பெயர், தெரு, செய்த வேலை எல்லாம் போட்டிருப்பார்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 வருஷம் கழித்துத் திறக்கப்படும், 1950-இன் தாள்கள் 2022 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் இசை வகுப்பு ஆண்டுவிழாச் செய்தி வந்திருக்கும், வாசித்த பிள்ளைகள் பெயரை வரிசையாகப் போடுவார்கள். தொழில்முறைக் கலைஞர் என்றால் இசைக்கலைஞர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், லாஸ் ஏஞ்சல்ஸ் என்றால் அதன் லோக்கல் 47 என்ற கிளை. கடைசியில் இரங்கல் செய்தி, அதில் பிள்ளைகள் பெயர். என் கைக்கு வந்த பாடத்தாள்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகளின் பெயர்கள்தான். கல்யாணமாகிக் குடும்பப் பெயர் மாறியிருக்கும், அதனால் திருமணப் பதிவைப் பார்க்காமல் "ஆள் காணோம்" என்று விட்டுவிடாதீர்கள்.

இதனால்தான் "இது சோல் ஹோஓபீ வாசித்தது" என்று ஒரு பிரபல ஹவாய் ஸ்டீல் கிட்டார் கலைஞரின் பெயரை விற்பவர் சொன்னதும் இரண்டு மடங்கு காசு கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாகிறது. அப்படி நடக்கவே நடக்காதா என்றால், நடக்கும். ப்ளூஸ் கலைஞர் டாம்பா ரெட் வாசித்த தங்க முலாம் ட்ரைகோன் 1990களில் இல்லினாயில் கிடைத்து, பிறகு சியாட்டில் அருங்காட்சியகத்துக்குப் போனது. பால் பிக்ஸ்பி என்ற கிட்டார் தயாரிப்பாளர் தன் ஸ்டீல் கிட்டார்களில் வாங்கியவர் பெயரையே முன்பக்கம் பதித்துக் கொடுத்தார், செய்து முடித்த தேதியையே சீரியல் எண்ணாகக் குத்தினார், அங்கேகூட நமக்குத் தெரிவது முதல் சொந்தக்காரர் மட்டும். ஆனால் இந்தக் கிட்டார்களில் பெரும்பாலானவை வாராவாரம் பாடத்துக்குப் போன பிள்ளைகளுடையவை. அந்த வரலாறு எந்த விதத்தில் குறைந்தது?

மின்சாரக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு: கதையை நம்பும் முன் உலோகத்தைப் பாருங்கள். "1932 ஃப்ரையிங் பேன்" என்று, வாணலி வடிவப் பழைய மின்சார ஸ்டீல் கிட்டார் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார், கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் குதிரைலாடக் காந்தத்தை அளந்தேன், ஒன்றேகால் அங்குலம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் வந்தது ஒன்றரை அங்குலம். கதை அங்கேயே முடிந்தது. 1950களின் ஃபெண்டர் மின்சாரக் கிட்டாரில், வால்யூம் திருகுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரில் 304532 என்று இருந்தால் 304 அந்தப் பாகத்தைச் செய்த ஸ்டாக்போல் நிறுவனம், 5 என்பது 1955, 32 என்பது வாரம். கிட்டார் அதற்குப் பிறகுதான் பிறந்திருக்க முடியும், எவ்வளவு பிறகு என்று அது சொல்லாது. ஈயப் பற்று புதிதாக இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள், யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

சரி, வாங்கியவுடன் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யாதீர்கள். துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், கிட்டாரின் முன்பக்கம் கூம்புகளை மறைக்கும் மூடியைக் கழற்றாதீர்கள். அந்த மூடிக்குள் பழைய ரிப்பேர்காரர்கள் தேதியும் கையெழுத்தும் போட்டிருப்பார்கள், அனுபவம் இல்லாதவர் திறந்தால் காகிதக் கனமுள்ள அலுமினியக் கூம்பு நசுங்கும். பெட்டி நாறினால் வெயில் படாத காற்றில் வையுங்கள், அதன் வெல்வெட் துணிக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், எனக்கு அங்கே அடகுச் சீட்டு கிடைத்திருக்கிறது. விற்பவரிடம் எங்கே, யாரிடம் வாங்கினீர்கள் என்று அன்றைக்கே கேட்டுத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், ஆறு மாதம் கழித்து அவருக்கு நினைவிருக்காது. விளம்பரத்தில் இருந்த எல்லாப் படத்தையும் விற்பனை முடிவதற்குள் இறக்கி வையுங்கள். குடும்பத்தைக் கண்டுபிடித்தால் முதல் கடிதத்தில் விலையைப் பற்றிப் பேசாதீர்கள், அவர்கள் அம்மாவின் கிட்டார் அது. ஒரு புகைப்படம் இருக்குமா என்று மட்டும் கேளுங்கள்.

அந்தத் தம்பியிடம் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசிவிட்டேன். ராத்திரி போன் செய்தார். விளம்பரப் படங்களில் ஏழாவது படம் அவர் போனிலேயே இருந்ததாம், பெட்டி திறந்தபடி. பெரிதாக்கிப் பார்த்தோம். பெட்டி மூடியின் உட்புறம் ஒரு ஒட்டுச்சீட்டு, மேல் பாதி கிழிந்திருக்கிறது, ஆனால் 'ஸ்டூடியோ' என்ற சொல்லும் தெருவின் முதல் நான்கு எழுத்தும் டொலீடோ, ஒஹையோ என்ற ஊரும் படிக்க முடிகிறது. 1928-லிருந்து 1941 வரைக்கும் உள்ள டைரக்டரிகளில் அந்த நான்கு எழுத்தில் தொடங்கும் தெருக்களில் எந்த இசை வகுப்பு இருந்தது என்று தேடித் தரச் சொல்லி டொலீடோ நூலகத்துக்குத் திங்கட்கிழமை எழுதியிருக்கிறார்.