சின்ன பிராசஸருக்கு எவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு?

வடசென்னையில் விளையாட்டுக்கென்று கணினி வைத்திருப்பவர்கள் பலர் அதை ஒரே நாளில் வாங்குவதில்லை. முதலில் கோர் ஐ3 போன்ற ஒரு பட்ஜெட் பிராசஸரும் ஒற்றை 8 ஜி.பி. ரேமும் வரும், மற்றவை கையில் காசு புரளும்போது ஒவ்வொன்றாகச் சேரும். தலையில் மாட்டி மெய்நிகர் உலகுக்குள் ஆடும் வி.ஆர். ஹெட்செட் வாங்கியதும் அடுத்த வேலை, வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவில் கடை கடையாக "எந்த கார்டு நல்லா இருக்கும்?" என்று விசாரிப்பதுதான். வீட்டில் இருக்கும் பிராசஸர் எது என்று தெரியாமல் அந்தக் கேள்விக்கு எந்தக் கடைக்காரராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஏனெனில் வி.ஆர். விளையாட்டில் பிராசஸர் செய்யத் தவறிய வேலையை, எவ்வளவு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டாலும் ஈடுகட்ட முடியாது.

சாதாரண மானிட்டர் நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. 2016இல் வெளிவந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ் ஆகிய இரண்டு ஹெட்செட்டுகளும் 90 ஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது நொடிக்கு 90 முறை புதுப்பித்து இயங்கின. எனவே ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது ஒவ்வொரு படத்தையும், தயாரிக்கக் கிடைக்கும் நேரம் 11.1 மில்லிசெகண்டு மட்டுமே. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுபவர் அரை நிமிடம் பிந்தினாலும் அடுத்த ரயிலுக்குத்தான் காத்திருக்க வேண்டும், அதேபோல் 11.3 மில்லிசெகண்டில் முடிந்த ஃபிரேம் 11.3இல் திரைக்கு வராது, அடுத்த புதுப்பிப்பு வரை, அதாவது 22.2 மில்லிசெகண்டு வரை நிற்கும். ஆகவே, "சராசரியாக 85 ஃபிரேம் வருகிறது" என்ற கணக்கு வி.ஆரில் ஆறுதல் தருவதில்லை.

தவறவிட்ட ஃபிரேம் என்ன செய்யும் என்பதைக் குத்துச்சண்டை விளையாட்டில் மிக எளிதாகப் பார்க்கலாம். ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் குத்துச்சண்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஹெட்செட்டை மாட்டியதும் முதலில் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். எதிராளியின் குத்து வரும்போது தலையைச் சட்டென்று இடப்பக்கம் சாய்த்தால், எதிரே இருக்கும் உருவம் தன் இடத்திலேயே நின்று நம் பார்வைக் கோணம் மட்டும் மாற வேண்டும். ஃபிரேம் தவறினால் எதிராளியும் ரிங்கின் கயிறுகளும் நம் தலையோடு சேர்ந்து ஒரு கணம் இழுபட்டு, பிறகு வெட்டி நகரும். உட்காது "நகர்ந்தாய்" என்கிறது, கண் "இல்லை" என்கிறது. இந்த முரண்பாடு தொடர்ந்தால் தலைசுற்றலும் குமட்டலும் வரும்.

ஒரு ஃபிரேம் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. முதற்கட்டம் பிராசஸருடையது: ஹெட்செட்டும் கைக்கருவிகளும் எங்கே இருக்கின்றன என்று அறிவது, எதிராளியின் அசைவைத் தீர்மானிப்பது, எது எதன்மீது மோதுகிறது என்று கணக்கிடுவது, கண்ணில் படாத பொருள்களை விலக்குவது, மிஞ்சியவற்றில் ஒவ்வொன்றையும் "இதை இங்கே வரை" என்று, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் வழியாகக் கார்டுக்குக் கட்டளையிடுவது. இரண்டு கண்களுக்கும் தனித்தனிப் படம் தேவை என்பதால், இரண்டையும் ஒரே கட்டளையில் வரையும் உத்தியை விளையாட்டை எழுதியவர்கள் கையாளாவிட்டால் இந்தக் கட்டளைகள் ஏறத்தாழ இரு மடங்காகும். இவற்றில் பெரும்பகுதி, பிராசஸருக்குள் கணக்கிடும் அலகுகளான கோர்களில் ஒன்றிலேயே வரிசையாக நடப்பதால், எத்தனை கோர்கள் உள்ளன என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகமானது என்பதே இங்கு முக்கியம். பழைய எட்டு கோர் பிராசஸர் ஒன்றைவிட நான்கே கோர்கள் கொண்ட ஐ3-12100எஃப் வி.ஆரில் சிறப்பாக ஓடுவதன் காரணம் இதுதான்.

இரண்டாம் கட்டம் கார்டுடையது. அது பிக்சல்களின் கணக்கு. வைவ் ஹெட்செட்டின் திரை ஒரு கண்ணுக்கு 1080×1200 பிக்சல்தான். ஆனால் லென்ஸ் படத்தை வளைப்பதை முன்கூட்டியே சரிக்கட்டப் படத்தை எதிர்த்திசையில் வளைக்க வேண்டியிருப்பதால், கார்டு ஒரு கண்ணுக்கு 1512×1680 அளவில் வரைகிறது. இரண்டு கண்களுக்கும் 90 ஹெர்ட்ஸில் இது நொடிக்குச் சுமார் 45.7 கோடி பிக்சல், ஃபுல் எச்.டி. மானிட்டரில் 60 ஃபிரேம் ஆடுவதற்கு 12.4 கோடி போதும். குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் திரையே ஒரு கண்ணுக்கு 2064×2208 என்பதால், கார்டின் சுமை இன்னும் ஏறுகிறது.

இந்த இரு கட்டங்களின் வேறுபாட்டிலேயே தேர்வுக்கான விடை இருக்கிறது. ரெசல்யூஷனை, அதாவது பிக்சல் எண்ணிக்கையை, கூட்டினாலும் குறைத்தாலும் பிராசஸரின் வேலை ஏறக்குறைய மாறாது; ஹெர்ட்ஸைக் கூட்டினால் இரண்டின் வேலையும் கூடும். எனவே எத்தனை ஹெர்ட்ஸ் என்பதைப் பிராசஸரும், எவ்வளவு தெளிவு என்பதைக் கார்டும் தீர்மானிக்கட்டும் என்பது என் துணிபு.

கார்டு வாங்கக் கிளம்பும் முன்பே இதை வீட்டில் அளந்துவிடலாம். கணினியில் வி.ஆர். விளையாட்டுகளை ஓட்டும் ஸ்டீம் வி.ஆர். மென்பொருளில் உள்ள ஃபிரேம் நேர வரைபடம், பிராசஸர் எத்தனை மில்லிசெகண்டு எடுக்கிறது, கார்டு எத்தனை எடுக்கிறது என்று தனித்தனியே காட்டும். எடுத்துக்காட்டாக, பிராசஸர் 8, கார்டு 16 என்று வந்தால் புதிய கார்டு பலன் தரும். பிராசஸர் 14, கார்டு 9 என்று வந்தால் புதிய கார்டு வெறும் அலங்காரம். வரைபடம் புரியாதவர்கள் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கட்டும். அப்போதும் திணறல் அப்படியே இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் பிராசஸர்தான்.

ஐ3-10100எஃப் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். இந்த பிராசஸர், கார்டைக் கணினியோடு இணைக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பின் மூன்றாம் தலைமுறையை மட்டுமே ஆதரிக்கிறது. விலை குறைவு என்று ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டைக் காட்டினால் தயங்காமல் மறுத்துவிடலாம். அந்த இணைப்பில் தரவு போய்வர அந்தக் கார்டுக்கு நான்கே பாதைகள். நான்காம் தலைமுறையில் நொடிக்குச் சுமார் 8 ஜி.பி. கடத்தும் அந்தப் பாதைகள் இந்தக் கணினியில் 4 ஜி.பி. அளவுக்குச் சுருங்கிவிடும். அதன் 4 ஜி.பி. நினைவகம் நிரம்பி வழியத் தொடங்கியதும் விளையாட்டு தடுக்கித் தடுக்கி ஓடும். அதைவிடப் பெரிய குறை, அதில் வீடியோ என்கோடர் கிடையாது. குவெஸ்ட் வகை ஹெட்செட்டுகள் கணினியின் படத்தை யூ.எஸ்.பி. கேபிளிலோ வைஃபையிலோ சுருக்கப்பட்ட வீடியோவாகத்தான் பெறுகின்றன. அப்படிச் சுருக்கும் வேலைக்குத்தான் கார்டிலுள்ள என்கோடர்.

8 ஜி.பி. ஆர்.எக்ஸ். 6600 எட்டுப் பாதைகள் கொண்டது. பழைய தலைமுறை மதர்போர்டிலும் பெரிதாக இழப்பதில்லை. 12 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3060க்குப் பதினாறு பாதைகள். டைரக்ட்எக்ஸ் 12 என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தில் எழுதப்பட்ட விளையாட்டுகளில் இந்தக் கார்டின் ஜீஃபோர்ஸ் டிரைவர் சிறிய பிராசஸர்களிடம் சற்றே அதிக வேலை வாங்குவதுண்டு. ஆனாலும் குவெஸ்ட் வைத்திருப்பவருக்கு அதன் என்கோடர் அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும் என்றே சொல்வேன். நான்கு கோர் பிராசஸருக்கு இவ்விரண்டும்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் செலவிட மனம் இருந்தால், அந்தப் பணம் பிராசஸருக்கும் போர்டுக்கும் போவதே நியாயம்.

பிராசஸரின் சுமையைக் குறைக்கச் செலவில்லாத வழிகளும் உண்டு. குவெஸ்ட் ஹெட்செட்டை 90இலிருந்து 72 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால், ஒரு ஃபிரேமுக்கு 13.9 மில்லிசெகண்டு கிடைக்கிறது. நிழல்கள், பார்வைத் தொலைவு, கூட்டத்தின் அளவு ஆகியவற்றைக் குறைப்பது கட்டளைகளைக் குறைக்கும். சிறு செலவுக்குத் தயார் என்றால், ஒற்றை ரேமுக்கு ஜோடியாக இன்னொன்றைப் போட்டு இரட்டைச் சேனலாக்குவது பிராசஸருக்குப் பெரிய உதவி. ஃபிரேம் தவறும்போது இடைப்பட்ட ஃபிரேமைத் தானே ஊகித்து வரையும் ஏ.எஸ்.டபிள்யூ. உத்தியை ஆக்குலஸ் 2016 அக்டோபரில் அறிவித்தது. அதனால்தான் ரிஃப்ட்டின் குறைந்தபட்சத் தேவை ஐ5-4590, ஜி.டி.எக்ஸ். 970 என்பதிலிருந்து ஐ3-6100, ஜி.டி.எக்ஸ். 960 என்று இறங்கியது. அப்போது விளையாட்டு 45 ஃபிரேம்தான் தருகிறது, மற்றப் பாதி ஊகம். மெல்ல நடக்கும் விளையாட்டுகளில் இது தெரியாது. குத்துச்சண்டையில் வேகமாக வரும் கையுறையின் ஓரங்கள் நெளிவதில் தெரிந்துவிடும்.

மின்சாரத்தையும் பார்த்துவிட வேண்டும். ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற 75 வாட் கார்டு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், ஆர்.எக்ஸ். 6600க்கு 132 வாட், ஆர்.டி.எக்ஸ். 3060க்கு 170 வாட். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை (மின்வழங்கியை) நம்பி இவற்றை மாட்டக் கூடாது. காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் லாரிப் புழுதியும் சேர்ந்து பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கை அடைத்துவிடும். சூடேறிய பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மூடிய அறையில் அளந்தால் எட்டு மில்லிசெகண்டு பத்தாகலாம் என்பதால், அளவெடுப்பதை அரை மணி நேரம் விளையாடிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

புதிய கார்டு வந்தபின் அதே வரைபடத்தை மீண்டும் திறக்க வேண்டும். கார்டின் நேரம் 7 மில்லிசெகண்டுக்கு இறங்கியிருந்தால், 72 ஹெர்ட்ஸ் வைத்திருப்பவருக்குக் கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்டு மிச்சம். அதை ரெசல்யூஷனுக்குச் செலவிடலாம்: கார்டின் நேரம் 11, 12ஐத் தொடும்வரை சிறிது சிறிதாக ஏற்றி, எழுத்துகளும் தொலைவிலுள்ள முகங்களும் துலங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பிராசஸரின் கோடு அதுவரை அசையாமல் முன்பிருந்த இடத்திலேயே இருக்கும்.