டாட் பாஷ்ஆர்சில கை வைக்கிறதுக்கு முன்னாடி

போன மாசம் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு போன். "அண்ணா, செர்வர்ல லாகின் ஆகுது, ஆனா ஃபைல் லிஸ்ட் பாக்க எல்எஸ் அடிக்கறப்ப ஒரு எழுத்து தப்பா விழுந்தாகூட கனெக்‌ஷன் கட் ஆயிடுது, யாராச்சும் உள்ள பூந்துட்டாங்களா?" தம்பி குரலே நடுங்குது.

யாரும் பூரல. பாஷ்ங்கிறது நாம அடிக்கிற கமாண்ட வாங்கி ஓட்டுற ஷெல், அது திறக்கும்போது படிக்கிற செட்டிங் ஃபைல்தான் டாட் பாஷ்ஆர்சி. ஸ்கிரிப்ட்ல, அதாவது கமாண்டுகள வரிசையா எழுதி வச்சு ஓட்டுற ஃபைல்ல, போடுற செட் மைனஸ் ஈ-ய அந்த டாட் பாஷ்ஆர்சியோட கடைசி வரியில போட்டு வச்சிருந்தாரு. ஒரு கமாண்டு ஃபெயில் ஆனா ஷெல்லே மூடிக்கணும்னு அதுக்கு அர்த்தம், ஸ்கிரிப்டுக்கு சரி, நாம உக்காந்து டைப் பண்ற ஷெல்லுக்கு ஆகவே ஆகாது, வார்த்தை தேடுற கிரெப் கமாண்டு தேடுனது கிடைக்கலன்னாகூட ஃபெயில்தான், வெளிய தள்ளிடும்.

செர்வருக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் கமாண்டோட மைனஸ் டி (-t), அப்புறம் செர்வர் பேரு, அதுக்கப்புறம் பாஷ் மைனஸ் மைனஸ் நோஆர்சி, அதாவது டாட் பாஷ்ஆர்சிய படிக்காம திறன்னு, இப்படி அடிக்கச் சொன்னேன். கலர் எதுவும் இல்லாம பாஷ்-5.1 டாலர்னு மொட்டையா ஒரு ப்ராம்ப்ட் வந்துச்சு, நானோ எடிட்டர்ல ஃபைலத் திறந்து அந்த வரிய தூக்குனாரு, முடிஞ்சுது. இப்படி கமாண்டு குடுத்து உள்ள போனாலும் முதல்ல டாட் பாஷ்ஆர்சிய படிக்கத்தான் செய்யும், ஆனா உபுண்டுல அந்த ஃபைலோட ஆரம்பத்துலயே, ஆள் உக்காந்து அடிக்கிற ஷெல் இல்லன்னா இங்கயே திரும்பிடுன்னு ஒரு செக் இருக்கும், அதனாலதான் தப்பிச்சோம். அந்த செக்குக்கு மேல எக்ஸிட்னு எழுதியிருந்தா இந்த வழியும் அடைஞ்சிருக்கும், வேற யூசர்ல போயி, அட்மின் உரிமையில கமாண்டு ஓட்டுற சூடோ போட்டுத்தான் சரி பண்ணணும். அதனால தயவுசெஞ்சு, இந்த ஃபைல மாத்தும்போது ஏற்கனவே திறந்திருக்கிற செஷன மூடாதீங்க, இன்னொரு விண்டோல லாகின் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் மூடுங்க.

நோஆர்சி குடுத்தும் சரியாகலன்னு சிலர் சொல்லுவாங்க. லாகின் ஷெல்லா, அதாவது லாகின் பண்ணதும் திறக்கிற ஷெல்லா இருந்தா, அது ப்ரொஃபைல்ங்கிற இன்னொரு செட்டிங் ஃபைலயும் படிக்கும், அதனால மைனஸ் மைனஸ் நோப்ரொஃபைலும் சேத்துக் குடுக்கணும். இந்த மாதிரி நீள ஆப்ஷன் எல்லாம் மைனஸ் எக்ஸ் மாதிரி ஒத்தை எழுத்து ஆப்ஷனுக்கு முன்னாடி வரணும், மாத்திப் போட்டா இன்வாலிட் ஆப்ஷன்னு திட்டும்.

நான் அடிக்கடி பாக்குற இன்னொண்ணு, ஏதோ ஒரு டூல இன்ஸ்டால் பண்ணுவாங்க, மறுநாள் கமாண்டுகள எந்த ஃபோல்டர்ல தேடணும்னு சொல்ற பாத் காணாமப் போயிருக்கும், கமாண்டுக்கு நாம வச்ச சுருக்கப் பேரான ஏலியாஸும் இருக்காது. லாகின் ஷெல் உங்க ஹோம்ல டாட் பாஷ்_ப்ரொஃபைல், பாஷ்_லாகின், ப்ரொஃபைல்னு வரிசையா தேடி முதல்ல கிடைக்கிற ஒண்ண மட்டும்தான் படிக்கும். அந்த டூல் புதுசா ஒரு பாஷ்_ப்ரொஃபைல உருவாக்கிட்டுப் போயிருக்கும், உபுண்டு குடுத்த ப்ரொஃபைல் அங்கயேதான் இருக்கு, ஆனா யாரும் படிக்கல.

எந்த வரின்னே புரியலன்னா பாஷ் மைனஸ் எல்ஐஎக்ஸ்னு அடிங்க. பிளஸ் குறி போட்டு ஓடுற ஒவ்வொரு வரியும் திரையில வரும், எங்க நிக்குதோ அங்கதான் கோளாறு.