மென்டரிடம் எதைக் காட்டுவது, எதைக் கொடுப்பது

சொந்தமாக மென்பொருள் நிறுவனம் நடத்திய அனுபவத்தை வைத்து, இப்போது புதிதாக ஸ்டார்ட்அப் தொடங்குபவர்களுக்கு மென்டராக இருந்து வழிகாட்டி வருகிறேன். முதல் சந்திப்பில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். முதலீட்டாளருக்குத் தயாரித்த ஸ்லைடுகளை எனக்கும் ஓட்டிக் காட்டுவார்கள்.

அதில் தவறாமல் ஒரு வரைபடம் இருக்கும்: இதுவரை பதிவு செய்தவர்களின் மொத்த எண்ணிக்கை. கோடு ஏறிக்கொண்டே போகும். ஏறாமல் என்ன செய்யும்? நேற்று கோபித்துக்கொண்டு கணக்கை மூடியவரும் அதில் இருக்கிறாரே! நான் கேட்பது வேறு. ஜனவரியில் காசு கட்டிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஜூனிலும் கட்டுகிறார்கள்? "மாதம் 5 சதவீதம் பேர்தான் சார் விலகுகிறார்கள்" என்று பதில் வரும். அந்த வேகத்தில் 100 பேரில் ஆண்டு முடிவில் மிஞ்சுவது சுமார் 54 பேர். விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் பெரும்பகுதி, போனவர்களின் இடத்தை நிரப்பவே சரியாகப் போய்விடும்.

அப்புறம் வங்கி இருப்பு. அதை மாத நிகரச் செலவால் (செலவில் வரவைக் கழித்தது) வகுத்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று தெரிந்துவிடும். "பேச்சு நடக்கிறது, முதலீடு வந்துவிடும்" என்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இணை நிறுவனரோடு மனக்கசப்பு என்றால் அதையும் மறைக்க வேண்டாம். என்னிடம் நல்ல பெயர் வாங்குவதால் உங்களுக்கு ஒரு பைசா லாபமில்லை.

மென்டர் உங்கள் துறையில் கரை கண்டவராக இருந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், கூகுளின் லாரி பேஜ் போன்றவர்களுக்கு ஆலோசகராக இருந்த பில் கேம்ப்பெல் பொறியாளர் அல்லர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருக்குக் கைவந்தது ஆட்களைப் புரிந்துகொள்வது.

இனி, கவனமாக இருக்க வேண்டிய இடம். இரண்டாவது சந்திப்பிலேயே "5 சதவீதப் பங்கு கொடுங்கள், எல்லாரையும் அறிமுகப்படுத்துகிறேன்" என்பவர்கள் உண்டு. ஆரம்ப கட்டத்தில் பணம் இல்லாததால் பங்கு சும்மா கிடப்பது போலத் தோன்றும், தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஆலோசகருக்கு வழக்கமாகப் பேசப்படும் அளவு 1 சதவீதத்துக்குள்தான். அதையும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். நிறுவனர்களின் பங்கே பொதுவாக 4 ஆண்டுகளில் சிறிது சிறிதாக, அதுவும் முதல் ஆண்டு முடிந்த பிறகுதான் கைக்கு வரத் தொடங்குகிறது. ஆலோசகருக்கும் மாதாமாதம் சேரும்படி வெஸ்டிங் (பங்கு தவணை தவணையாகச் சொந்தமாகும் ஏற்பாடு) போட்டு, விலகினால் மீதி கிடையாது என்று எழுதிக்கொள்ளுங்கள். மாதத்துக்கு எத்தனை மணி நேரம், யாரிடம் அறிமுகம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் போட்டியாளருக்கும் அவர்தான் மென்டரா என்று நேராகவே கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மென்டரால் வளர்ந்த நிறுவனங்களின் பட்டியல் தானாக வந்து சேரும். நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டியது, அவர் வழிகாட்டியும் மூடப்பட்ட நிறுவனத்தின் நிறுவனரை. பணம் தீர்ந்துபோன அந்தக் கடைசி மாதங்களில் மென்டர் போனை எடுத்தாரா என்று அவரிடம் கேளுங்கள். என்னிடம் வருபவர்களுக்கு அப்படி ஒருவரின் எண்ணை, அவர் சம்மதத்தோடு, நானே கொடுத்துவிடுவேன். பேசிவிட்டுத் திரும்பி வராதவர்களும் உண்டு. சரி, அதுவும் அவர்கள் முடிவு.