‘யூஸ்டு டு’ என்றால் விட்டாச்சு என்று பொருள்

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் டாக்டர் கேட்கிறார்: “ஹவ் ஆஃபன் டு யூ டேக் யுவர் பிபி டேப்லட்ஸ்?” நம்மவர் தயங்காமல் சொல்கிறார்: “ஐ யூஸ்டு டு டேக் தெம் டெய்லி.” அவர் சொல்ல வந்தது ‘தினமும் போடுவேன்’. டாக்டர் காதில் விழுந்ததோ ‘முன்னாடி தினமும் போட்டுக்கிட்டிருந்தேன், இப்போ இல்லை’. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்போது இரண்டு பேருமே விழிப்பார்கள். ஒன்றை எவ்வளவு அடிக்கடி செய்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்வதில் இப்படிப் பல கண்ணிகள் உண்டு.

குற்றம் ‘போடுவேன்’ என்ற நம் வினைமுற்றில் இருக்கிறது. ‘நாளைக்குப் போடுவேன்’, ‘தினமும் போடுவேன்’, ‘சின்ன வயசுல தினமும் கோலம் போடுவேன்’ என்று மூன்று காலத்துக்கும் தமிழில் அதே சொல் ஓடும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று வடிவம். நாளைக்கு என்றால் ‘ஐ வில் டேக்’. பழக்கம் என்றால் வெறும் ‘ஐ டேக்’. முன்பு இருந்து இப்போது விட்டுப்போன பழக்கம் என்றால் மட்டுமே ‘ஐ யூஸ்டு டு டேக்’. ‘எவ்ரி மார்னிங் ஐ வில் டிரிங்க் காஃபி’ என்று நம்மூரில் சகஜமாகக் கேட்பதும் இந்தப் ‘போடுவேன்’ செய்யும் வேலைதான். ‘ஐ ஆம் டேக்கிங் இட் டெய்லி’ என்பதை முழுத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது போன்ற தற்காலிக நிலைக்குத்தான் அது பொருந்தும். வருஷக்கணக்கில் தொடரும் பிபி மாத்திரைக்கு ‘ஐ டேக் இட் எவ்ரி டே’ போதும்.

அடுத்த சிக்கல் ‘எப்பவும்’. இதுதான் பொருளையே தலைகீழாக்குவது. ‘நான் எப்பவுமே லேட்டா வரமாட்டேன்’ என்றால் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை என்று நமக்குப் புரிகிறது. அதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றி ‘ஐ டோன்ட் ஆல்வேஸ் கம் லேட்’ என்று இன்டர்வியூவில் சொன்னால், ‘எல்லா நாளும் லேட் இல்லை, சில நாள் லேட்தான்’ என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்ல வேண்டியது ‘ஐ ஆம் நெவர் லேட்’. ‘நாட்’ முன்னால் வந்து ‘ஆல்வேஸ்’ பின்னால் வந்தால், அந்த ‘நாட்’ மறுப்பது ‘எப்போதும்’ என்பதை மட்டுமே.

‘நெவர்’ இதற்கு நேரெதிர். ‘ஒருபோதும்’, ‘ஒருநாளும்’ என்று தொடங்கினால் தமிழில் வினையும் ‘மாட்டேன்’, ‘இல்லை’ என்றுதான் முடிய வேண்டும். அந்தப் பழக்கத்தில் ‘ஐ நெவர் டோன்ட் ஈட் மீட்’ என்று வாய் தவறுகிறது. ‘நெவர்’ தன்னுள்ளேயே மறுப்பை வைத்திருக்கிறது. இரண்டாவது மறுப்பு வேண்டாம். ‘ஐ நெவர் ஈட் மீட்’, அவ்வளவுதான். அபூர்வமாக என்று பொருள்படும் ‘ரேர்லி’, ‘ஹார்ட்லி எவர்’ இரண்டுக்கும் இதே கணக்கு. ‘ஹார்ட்லி’யில் இன்னொரு கண்ணியும் உண்டு. கடுமையாக உழைக்கிறேன் என்பதற்கு ‘ஐ வொர்க் ஹார்ட்’ என்றே சொல்ல வேண்டும். லி சேர்த்து ‘ஐ ஹார்ட்லி வொர்க்’ என்று சொல்லிவிட்டால் ‘நான் கிட்டத்தட்ட வேலையே பார்ப்பதில்லை’ என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்தாகிவிட்டது.

‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ போன்ற இந்தச் சொற்களை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பதற்கு வருவோம். தமிழில் ‘எப்பவும் நான் காஃபிதான் குடிப்பேன்’ என்றாலும் ‘நான் எப்பவும் காஃபிதான் குடிப்பேன்’ என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆங்கிலத்தில் ‘ஆல்வேஸ் ஐ டிரிங்க் காஃபி’ என்பது உடனே காதை உறுத்தும். முக்கிய வினைக்கு முன்னால் வைக்க வேண்டும்: ‘ஐ ஆல்வேஸ் டிரிங்க் காஃபி’. ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் மட்டுமே வினையாக இருந்தால் அதற்குப் பின்னால்: ‘ஷி இஸ் ஆஃபன் டயர்ட்’. துணைவினை இரண்டு மூன்று வரிசையாக வந்தால் முதலாவதுக்குப் பின்னால்: ‘ஐ ஹேவ் நெவர் பீன் டோல்ட்’. கேள்வியில் எழுவாய்க்குப் பின்னால்: ‘டு யூ யூஷுவலி வாக் டு வொர்க்?’ வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் மட்டும் நுழைக்கவே கூடாது. ‘ஐ டிரிங்க் ஆல்வேஸ் காஃபி’ என்பது எந்த ஊர் ஆங்கிலத்திலும் நிற்காது.

நன்றாகப் பேசுகிறவர்களும் சறுக்கும் இடம் சின்னப் பதில்கள். ‘ஆர் யூ ஆன் டைம்?’ என்று கேட்டால் பதில் ‘ஐ ஆல்வேஸ் ஆம்’. ‘ஐ ஆம் ஆல்வேஸ்’ அல்ல. வினை வாக்கியத்தின் கடைசியில் தனியாக நின்றால் இந்தச் சொற்கள் அதற்கு முன்னால் போய்விடும். ‘யெஸ், ஐ யூஷுவலி டு’ என்பதும் இப்படித்தான்.

‘சம்டைம்ஸ்’, ‘யூஷுவலி’, ‘அக்கேஷனலி’ மூன்றையும் வாக்கியத்தின் தலையில் தாராளமாக வைக்கலாம். ‘நெவர்’, ‘ரேர்லி’ தலைக்குப் போனால் பின்னால் வரும் வரிசையே கேள்வி போலப் புரண்டு ‘நெவர் ஹேவ் ஐ சீன்’ என்றாகும். அது மேடைப்பேச்சுக்கு, மளிகைக்கடையில் வேண்டாம்.

எண்ணிக்கை சொல்லும் தொடர்கள் வேறு சாதி. எவ்ரி டே, ட்வைஸ் எ வீக், ஒன்ஸ் எ மந்த் எல்லாம் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘டெய்லி ஐ கோ டு ஜிம்’ என்பதைவிட ‘ஐ கோ டு தி ஜிம் எவ்ரி டே’ இயல்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கு ‘எவ்ரி அதர் டே’. ஊசி, மாத்திரை விஷயத்தில் இது தெரியாமல் கைவிரலால் கணக்குக் காட்டுவோர் உண்டு. ‘பைவீக்லி’யைத் தொடவே தொடாதீர்கள்: வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று இரண்டு பொருளையும் அகராதிகளே தருகின்றன. ‘ட்வைஸ் எ வீக்’ அல்லது ‘எவ்ரி டூ வீக்ஸ்’ என்று பிரித்துச் சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

வகுப்புகளில் ஆல்வேஸ் 100 சதவீதம், யூஷுவலி 80, சம்டைம்ஸ் 50 என்று அட்டவணை தொங்கும். அது கற்பிக்க வசதியான ஏற்பாடு மட்டும்தான். பேசுகிற யாரும் அளவுகோல் வைத்துப் பேசுவதில்லை. நிஜமாகவே எண் ஒட்டியிருக்கும் ஒரு இடம் ஐரோப்பாவில் மருந்துப் பெட்டிக்குள் வரும் விவரத் தாள்கள். அங்கே பக்கவிளைவு ‘வெரி காமன்’ என்றால் 10 பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ. ‘காமன்’ என்றால் 100-ல் ஒருவர் முதல் 10-ல் ஒருவர் வரை. ‘ரேர்’ என்றால் 10,000-ல் ஒருவர் முதல் 1,000-ல் ஒருவர் வரை. ‘காமன்’ என்று படித்துவிட்டு எல்லாருக்கும் வருமோ என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப்போட வேண்டாம்.

அபூர்வமாக என்பதற்குப் பாடப்புத்தகம் விரும்பும் ‘செல்டம்’ பேச்சில் அவ்வளவாகக் காதில் விழாது. ‘நாட் வெரி ஆஃபன்’, ‘ஹார்ட்லி எவர்’ இரண்டும்தான் புழங்குகின்றன. ‘ஆஃபன்’, ‘ஆஃப்டன்’ இரண்டு உச்சரிப்பும் அகராதியில் இருக்கின்றன, யாரையும் திருத்தப் போகாதீர்கள். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் பேச்சுத் தேர்வின் முதல் பகுதி 4 முதல் 5 நிமிடம் நடக்கும். அங்கே ‘ஹவ் ஆஃபன்’ என்று கேட்டால் ‘சம்டைம்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் ‘டூ ஆர் த்ரீ டைம்ஸ் எ வீக், யூஷுவலி ஆஃப்டர் டின்னர்’ என்று எண்ணையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, தொனி. ‘யூ ஆல்வேஸ் ஆஸ்க் கொஸ்டின்ஸ்’ என்பது வெறும் தகவல். ‘யூ ஆர் ஆல்வேஸ் ஆஸ்கிங் கொஸ்டின்ஸ்’ என்று ஐஎன்ஜி சேர்ந்தால் ‘எப்பப் பாரு கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கே’ என்ற சலிப்பு வந்துவிடும். பாசமாகச் சொல்லும் இடமும் உண்டு, ஆனால் அது குரலில்தான் தெரியும். ஆபீஸ் மெயிலில் குரல் ஏது? பாராட்ட நினைத்தால் சாதாரண வடிவத்திலேயே எழுதுங்கள். அதேபோல், ஆண்டு இறுதி மதிப்பீட்டில் பிரிட்டிஷ் மேனேஜர் ‘யூ ஆர் நாட் ஆல்வேஸ் ஆன் டைம்’ என்று மென்மையாகச் சொன்னால், ஏதோ ஒன்றிரண்டு நாளைச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டு வராதீர்கள். ‘நீ அடிக்கடி லேட்’ என்பதைத்தான் அவர் அவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்.